இளையோரின் மனச்சோர்வு: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்லள். ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, மாணவர் நலப் பொறுப்பையும் விடுதிப் பொறுப்பையும் 11 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அரியர் முடிவுகள் வரும் வாரத்திலும், பிளேஸ்மென்ட் தொடங்கும் மாதத்திலும் ஒரே ஐயங்கள் வெவ்வேறு குரல்களில் என் அறைக்கு வந்தபடியே இருந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே குறித்து வைத்தேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் மனநல மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றைப் பதில்களாக எழுதியிருக்கிறேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே உங்களுக்கோ உங்கள் அருகில் இருப்பவருக்கோ இருக்குமானால், இதை அப்படியே வைத்துவிட்டு முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

“டிப்ரஷன், மன அழுத்தம், மனச்சோர்வு எல்லாம் ஒண்ணுதானா, மேடம்?”

ஒன்றல்ல. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம். நாளை தேர்வு, இன்னும் இரண்டு யூனிட் பாக்கி என்னும்போது மனமும் உடலும் இறுகுகின்றனவே, அது மன அழுத்தம். தேர்வு முடிந்தால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். மருத்துவர்கள் டிப்ரஷன் என்று சொல்வது மனச்சோர்வு. அது ஒரு நோய். சுமையை இறக்கி வைத்த பிறகும் அது விலகாது. சிலருக்குச் சொல்லும்படியான சுமை எதுவும் இல்லாமலேயே வரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. ‘அழுத்தம்’ என்று பெயர் வைத்த வீடுகளில் பிள்ளையை நான்கு நாள் ஊருக்கு அழைத்துப்போய் ஓய்வு கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நோய் என்று அறிந்த வீடுகளில்தான் மருத்துவரைத் தேடுகிறார்கள்.

“எல்லாருக்கும்தான் சோகம் வருது. இது நோய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

காலத்தையும் பரப்பையும் பாருங்கள். துயரம் அலையாக வந்து போகும். நடுவில் ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பு வரும், பிடித்த பிரியாணிக்கு நாக்கு ஊறும். மனச்சோர்வில், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மனம் தாழ்ந்தே இருக்கும், அல்லது எதிலுமே நாட்டம் இராது. அதனுடன் தூக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறித் தூங்குதல், பசியும் எடையும் மாறுதல், எப்போதும் களைப்பு, கவனம் நில்லாமை, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது இருப்புக் கொள்ளாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் பலவும் சேர்ந்திருக்கும். மருத்துவர்கள் இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து இருக்கின்றனவா, அவற்றால் படிப்பும் பழக்கவழக்கங்களும் குலைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சாவைப் பற்றிய எண்ணம் ஒன்று இருந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

“என் பையன் அழவே இல்லையே. எரிஞ்சு எரிஞ்சு விழறான். இது வயசுத் திமிருதானே?”

பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது இதுதான். பதின்ம வயதினரிடம் மனச்சோர்வு கண்ணீராக வெளிப்படாமல் எரிச்சலாக, கதவை அறைந்து சாத்துவதாக, காரணம் தெரியாத தலைவலியாக, வயிற்று வலியாக வெளிப்படுவது மிக இயல்பு. வயதுக்குரிய முரட்டுத்தனம் உள்ள பையன் வீட்டில் முறைத்தாலும் நண்பர்களிடம் கலகலப்பாக இருப்பான், மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவான். நண்பர்களையும் மைதானத்தையும் சேர்த்தே விட்டுவிட்டவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு மூன்றாமாண்டு மாணவனின் ஆய்வகப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. ஆகஸ்ட் மாதப் பக்கங்களில் சுற்று வரைபடங்கள் அளவுகோல் வைத்து, பென்சில் சீவி, நிழல்கூட விழாமல் வரையப்பட்டிருந்தன. செப்டம்பரில் கோடுகள் கையால் இழுக்கப்பட்டிருந்தன. அக்டோபரில் மேல் மூலையில் தேதி மட்டும் இருந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது. அப்படி ஏழு பக்கங்கள். வகுப்பில் அவனுக்கு ‘சோம்பேறி’ என்ற பெயர் வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஆய்வகத்துக்கு வந்து, பதிவேட்டைத் திறந்து, தேதியை எழுதியிருக்கிறான் என்பதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

“எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே. இப்ப மட்டும் ஏன்?”

உங்கள் காலத்திலும் இருந்தது. ‘பேய் பிடித்தது’, ‘குடிகாரனாகிவிட்டான்’, ‘கிணற்றில் விழுந்துவிட்டாள்’ என்று வேறு பெயர்களில் பேசப்பட்டது. உங்கள் ஊரில் அப்படி நினைவுக்கு வரும் ஒருவராவது இருப்பார்.

ஆனால் இன்றைய பிள்ளைகள்மீது விழும் சுமை கூடியிருப்பதும் உண்மை. என்னிடம் வருவோரில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்திட்டிருக்கிறார், அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது, தங்கையின் படிப்பு இவன் வேலைக்குப் போவதை நம்பியிருக்கிறது. ஒரு அரியர் என்பது இவர்களுக்கு ஒரு தாள் மட்டும் அன்று. நீட்டுக்காக ஓராண்டையோ இரண்டாண்டையோ வீட்டில் உட்கார்ந்து கழித்துவிட்டு, கிடைத்த பாடத்தில் சேர்ந்து வருவோரும் உண்டு. சாதியைச் சுட்டும் சொற்கள், ஆங்கிலம் வராத கூச்சம், உடலைப் பற்றிய கிண்டல், முறிந்த காதல் ஆகியவை பழையவைதாம். ஆனால் முன்பு கல்லூரி வாசலோடு நின்றுபோன கிண்டல் இன்று வாட்ஸ்அப் குழு வழியாகப் படுக்கைவரை கூடவே வருகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மனச்சோர்வே காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் தெம்பு இல்லை’ என்று சொல்லிக் கடந்துபோகக்கூடிய எண்ணும் அன்று அது.

“அப்ப போனைப் பிடுங்கி வெச்சா சரியாயிடுமா?”

ஆகாது. இரவு இரண்டு மணிவரை திரையைப் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் சோர்வைக் கூட்டுகிறது, அதுவரை சரி. ஆனால் தூக்கம் வராததால் போனை எடுத்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். கடைசியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரே தோழியோடு உள்ள தொடர்பும் அதற்குள்தான் இருக்கலாம். பிடுங்காதீர்கள். இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று வீட்டுக்கே ஒரு வழக்கம் வையுங்கள்.

“நல்லா படிக்கிற பொண்ணு. வீட்ல ஒரு குறையும் வைக்கல. அவளுக்கு ஏன் வரணும்?”

குறை வைத்ததால்தான் வரும் என்பதில்லை. பரம்பரைக்கு இதில் பங்குண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கூடுகிறது. பூப்புக்குப் பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். அதைத் தவறாமல் செய்யுங்கள்.

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்ட தாய்மார்களுக்கு ஒன்று: ‘நான் என்ன தப்புச் செய்தேன்’ என்று நீங்கள் உடைந்துபோவதைப் பார்க்கும் பிள்ளை, தன் நோயோடு உங்கள் துயரத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை வாயே திறக்காமல் இருந்துவிடுகிறது.

“தைரியமா இரு, பாசிட்டிவா யோசின்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன். கேக்கவே மாட்டேங்கறாளே?”

கேட்கக் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. நோய் பறித்துக்கொண்ட ஒன்றைத்தான் நீங்கள் அவளிடம் கேட்கிறீர்கள். ஒரு மாணவி நான் கொடுத்த உதவி எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்துவிட்டு 19 நாட்கள் அழைக்காமலே இருந்தாள். ‘எடுத்துப் பார்ப்பேன் மேடம், என்ன சொல்றதுன்னு தெரியாது, வெச்சிடுவேன்’ என்றாள். 20ஆம் நாள் என் அறையில், நான் எண்ணை அழுத்தி, முதல் இரண்டு வாக்கியங்களையும் நானே பேசிவிட்டு, போனை அவள் கையில் கொடுத்தேன். பிறகு 40 நிமிடங்கள் அவளே பேசினாள். இந்த நோயில் உதவி தேடும் தெம்புதான் முதலில் போகிறது. ஆகவே முதல் அடியைக் கூட இருப்பவர்கள்தாம் எடுத்துவைக்க வேண்டும். எனக்கு இதில் சிறிதும் ஐயமில்லை.

அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, சின்ன வேலைகளில் கூட நில்லுங்கள். ‘மனசு சரியானதும் செய்வாள்’ என்று காத்திருந்தால் அது வராது. சிறிதளவு செய்தால் மனம் மெதுவாகப் பின்னால் வரும். உளவியல் சிகிச்சையிலும் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரே நேரத்தில் எழுவது, குளிப்பது, மொட்டை மாடியில் இளவெயிலில் 10 நிமிடம் நடப்பது ஆகியவை போதும். நடக்கச் சொல்லாதீர்கள், கூட நடங்கள்.

“குணசீலம் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம், தர்காவுல மந்திரிச்சோம். அது தப்பா?”

வழிபாடு தப்பில்லை. அது பலருக்கு ஆறுதல், குடும்பத்துக்குத் தெம்பு. மருத்துவத்தைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்குவதும், கட்டிப்போடுவதும், அடிப்பதும், பட்டினி போடுவதும்தான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு அதே ஏர்வாடியில் தொழுகையும் மருந்தும் ஒருங்கே கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவச் சேவை கொண்டுவரப்பட்டது. ஒன்றைச் செய்ய இன்னொன்றை விட வேண்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

“யார்கிட்ட போகணும்? கவுன்சிலரா, சைக்காட்ரிஸ்டா? செலவு தாங்குமா?”

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்புக்கு மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். ‘கவுன்சிலர்’ என்ற பலகையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சோர்வு மிதமாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். கடுமையாக இருந்தால் மருந்தும் சேர்த்துத் தேவைப்படும். எது என்பதை முடிவு செய்ய ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்ப்பதே நேரான வழி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். காலை எட்டு மணிக்குள் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கல்லூரி ஆலோசகரையும் கேளுங்கள்: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன 14416, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

“முதல் நாளே கரண்ட் ஷாக் கொடுத்துடுவாங்களா?”

இல்லை. முதல் நாள் கேள்விகள்தாம்: தூக்கம், பசி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம், சாக நினைத்ததுண்டா. பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார், அதைத் தடுக்காதீர்கள். மின்சிகிச்சை மிகக் கடுமையான நிலைகளுக்கு உரியது. மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சினிமாவில் பார்த்த காட்சியை மறந்துவிடலாம்.

“வெளியே தெரிஞ்சா ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’னு சொல்லுவாங்களே. அவளுக்குக் கல்யாணம் ஆகணுமே?”

ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு அஞ்சி எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வாடியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

மேலே சொன்ன அதே 2017 சட்டம் நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்துகிறது. கல்லூரிக்கோ உறவினருக்கோ அவர் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. திருமணத்தைப் பற்றி என் கருத்து இது: சிகிச்சை பெற்று நலமாக இருக்கும் பெண்ணுக்கு எதிர்காலம் இருக்கிறது. மறைத்து வைத்த நோயோடு மணவறையில் உட்காரவைப்பதுதான் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் இழைக்கும் அநீதி.

“மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்கப் போடணுமா? அடிமையாயிடுவாங்களா?”

மனச்சோர்வுக்கு இளையோருக்குப் பெரும்பாலும் எழுதப்படும் ஃபுளுவாக்சடின், எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை போதை தருபவை அல்ல. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. பழக்கத்துக்கு ஆட்படுத்தக்கூடியவை ஆல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். முதன்முறை நோய் கண்டவர்கள் நலமான பிறகும் ஏறத்தாழ ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். பிறகு மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல் வரலாம்.

“பத்து நாளா போடறேன், வாந்தி வர்ற மாதிரி இருக்கே தவிர ஒண்ணும் தெரியல. நிறுத்திடவா?”

நிறுத்தாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். இந்த மருந்துகளில் பக்கவிளைவுகள் முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும். மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

வீட்டாருக்கு இரண்டு எச்சரிக்கைகள். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு முதல் வாரங்களில் படபடப்பும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். அந்த நாட்களில் தனியே விடாதீர்கள், மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், நிறுத்தாத பேச்சும் கைமீறிய செலவுமாகப் பிள்ளை திடீரென மாறினால், ‘குணமாகிவிட்டது’ என்று மகிழாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது, மனம் சில காலம் தாழ்ந்தும் சில காலம் அளவுக்கு மீறி எழுந்தும் இருக்கும் இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

“‘சாகணும் போல இருக்குடா’ன்னு ரூம்மேட் சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியமும் வாங்கிட்டான்.”

சத்தியத்தை மீறுங்கள். அவன் கோபித்துக்கொள்வான், சில மாதங்கள் பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ‘உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அதனால் சொல்லப்போகிறேன்’ என்று அவனிடமே சொல்லிவிட்டு, அவன் பெற்றோரில் இளகிய ஒருவரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். அதுவரை அவனைத் தனியே விடாதீர்கள். வீடுகளில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். அந்த எண்ணம் பலருக்கு அலையாக எழுந்து தணிவது, அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தங்கிவிடுகிறது.

“நேரா ‘தற்கொலை எண்ணம் வருதா’ன்னு கேட்டா, நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?”

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்பதில் மனநல மருத்துவர்கள் ஒருமித்திருக்கிறார்கள். நான் கேட்டபோதெல்லாம் பெரும்பாலோரிடம் முதலில் வந்தது ஒரு நீண்ட மூச்சு. ‘அப்படி எல்லாம் எதுவும் நினைக்கலையே?’ என்று கேட்காதீர்கள். அதில் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே வைத்துவிடுகிறீர்கள். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள்.

“அவ முயற்சி பண்ணிட்டா. ஆஸ்பத்திரியில சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமேன்னு மறைச்சுட்டோம்.”

மறைத்ததால் அவளுக்கு மனநல சிகிச்சை கிடைக்காமல் போயிற்று. ஒருமுறை முயன்றவருக்கு மீண்டும் ஆபத்து கூடுதல் என்பதால் அதுதான் பெரிய இழப்பு. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லவே இல்லை. மருத்துவமனையில் காவலர் வந்து விவரம் கேட்கலாம். அது விசாரணை நடைமுறை. இப்போதாவது அழைத்துச் செல்லுங்கள்.

“எனக்கு 17 வயசு. வீட்டுக்குத் தெரியாம டாக்டரைப் பார்க்க முடியுமா?”

14416க்குப் பெயர் சொல்லாமலே பேசலாம். சிகிச்சை தொடங்க 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோ வேண்டும். ‘அப்பாவிடம் எப்படிச் சொல்வது’ என்பதுதான் தடை என்றால், அதைச் சொல்ல ஒரு பெரியவரைப் பிடியுங்கள்: அத்தை, தாத்தா, உங்களுக்குப் பிடித்த ஆசிரியர். நீங்கள் அஞ்சும் அந்த உரையாடலை அவர்கள் தொடங்கட்டும். வீட்டிலேயே உங்களுக்குக் கொடுமை நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

“சரியாயிட்டான். திரும்ப வருமா?”

வரலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் மீண்டும் ஒருமுறை வருகிறது. எனவே போன முறை முதலில் என்ன மாறியது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். முதலில் தூக்கம் கெட்டதா, குளிக்காமல் இருந்தானா, நண்பர்களின் அழைப்பை எடுக்கவில்லையா? ஒவ்வொருவருக்கும் அது வேறு. மேலே சொன்ன மூன்றாமாண்டு மாணவன் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்து, மருந்தும் சிகிச்சையும் பெற்று, ஓராண்டு தாமதமாகப் பட்டம் வாங்கினான். அவன் தாளில் எழுதிக்கொண்டது ஒரே வரி: ‘ரெக்கார்டுல தேதி மட்டும் எழுத ஆரம்பிச்சா, அண்ணனுக்குப் போன் பண்ணணும்.’ அந்தத் தாளின் ஒரு நகல் அவன் அண்ணனிடமும் இருக்கிறது.